மாலை தங்காத படம்

ஜொகூர் பாருவின் தெப்ராவில், கார் பேட்டரிக் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் அந்தச் சின்னத் துப்பறியும் அலுவலகத்துக்கு வழக்கோடு வருகிறவர்கள் பெரும்பாலும் அழுதுகொண்டு வருவார்கள், இல்லாவிட்டால் கத்திக்கொண்டு வருவார்கள். அன்று காலை வந்த பெண் இரண்டையும் செய்யவில்லை. பிளாஸ்டிக் பையிலிருந்து ஒரு மல்லிகை மாலையை எடுத்து மேசைமேல் வைத்தாள். அது பாதி வாடியிருந்தது.

"இத யாரு கழட்டுறாங்கன்னு கண்டுபிடிச்சுக் குடுங்க" என்றாள். "இல்லன்னா எங்க மில்ல இடிச்சுத் தள்ளிருவாங்க."

மதிவாணன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு முன்னால் வந்துவிட்டார். பல வருடம் சிங்கப்பூர் போகும் காஸ்வே பாலத்து நெரிசலில் தொழிற்சாலை ஆட்களை ஏற்றி இறக்கி முதுகு தேய்ந்தபின், வேனை மட்டும் மிச்சம் வைத்துக்கொண்டு பியாட்ரிஸிடம் வேலைக்குச் சேர்ந்தவர் அவர். வயதில் முதலாளியைவிடப் பெரியவர். அவசரத்தில் அதைவிடப் பெரியவர். யார் எதைச் சொன்னாலும் முதல் வாக்கியம் முடிவதற்குள் குற்றவாளி யாரென்று முடிவுகட்டிவிடுவார். அந்த முடிவை நாளில் பல தடவை மாற்றிக்கொள்ள வெட்கப்படவும் மாட்டார்.

பியாட்ரிஸ் வேறு மாதிரி. இன்சூரன்ஸ் கம்பெனியில் தீ விபத்துகளை விசாரித்து, எது தானாகப் பிடித்த தீ, எது பற்றவைத்த தீ என்று சாம்பலைக் கிளறிப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தவர். அவர் அவசரப்பட்டு மதிவாணன் பார்த்ததில்லை.

"மொதல்ல பசியாறினீங்களா?" என்று கேட்டார் பியாட்ரிஸ்.

அந்தக் கேள்விக்குத்தான் அந்தப் பெண்ணின் முகம் உடைந்தது. இல்லை என்று தலையாட்டினாள். கீழே பக்கத்துக் கடையிலிருந்து ரொட்டி சானாயும் தே தாரேக் தேநீரும் வந்தன. இரண்டு வாய் சாப்பிட்டபின் கதை வந்தது.

அவள் பெயர் லோஷினி. கட்டடக் கலைஞர். பழைய கட்டடங்களை இடிக்காமல் வேறு பயனுக்கு மாற்றிக்கொடுப்பதுதான் அவள் தொழில். ஜொகூர் பாரு பழைய நகரப் பகுதியில் ஐயாசாமி மில் என்று ஒரு மாவு மில் இருந்தது. ஒரு காலத்தில் ஊரிலிருந்த தமிழர் வீட்டு மிளகாயும் மல்லியும் மஞ்சளும் அங்கேதான் அரைபட்டன. மில்லை மூடிப் பல வருடமாகிவிட்டது. கூரை தொங்குகிறது. மாதக் கடைசிக்குள் யாராவது பொறுப்பெடுத்துப் பழுதுபார்க்காவிட்டால் ஆபத்தான கட்டடமென்று இடித்துவிடுவதாக அறிவிப்பு ஒட்டியாயிற்று.

"அத கலைக்கூடமா மாத்தலாம்னு நாந்தான் கெஞ்சிக் கூத்தாடி ஓனர ஒத்துக்க வச்சேன். 'மில் திறந்திருக்கு'ன்னு ஒரு நிகழ்ச்சி போட்டிருக்கோம். ஓவியம், பழைய மெஷின் சத்தம், பேச்சு எல்லாம் இருக்கு. ஞாயித்துக்கெழம முடியும். அன்னிக்கே குத்தகைக்குக் கையெழுத்துப் போடுறதா ஓனர் கமலநாதன் சொல்லியிருந்தாரு."

"கமலநாதன் எப்படிப் பழக்கம்?"

"போன தீபாவளிக்கு ஒரு பிரெண்டு கூட அவர் வீட்டு ஓப்பன் ஹவுஸ் விருந்துக்குப் போனேன். வாசல் பூரா லைட்டு, கேட்டுல வாழமரம், கூட்டம்னா அப்படிக் கூட்டம். ஆட்டுக்கறி பிரட்டலும் கையுமா நிக்கிறப்பதான் மில் பேச்சே வந்துச்சு. அன்னிக்கு அவர் நல்லாத்தான் இருந்தாரு."

சிக்கல் எங்கே தொடங்கியதென்றால், நினைவுச் சுவரில். மில்லில் உழைத்து இறந்துபோனவர்களின் படங்களைக் குடும்பங்களிடமிருந்து வாங்கி டாரில் என்ற ஓவியன் ஒரு சுவர் முழுக்க மாட்டியிருந்தான். திறப்பு நாளன்று குடும்பத்துக்காரர்கள் தாங்களாகவே மாலையோடு வந்தார்கள். எல்லாப் படத்துக்கும் மாலை விழுந்தது. மறுநாள் காலை பார்த்தால் பேச்சியம்மாள் என்ற ஒருத்தியின் படத்தில் மட்டும் மாலை இல்லை. பக்கத்திலிருந்த அவள் கணவர் ஐயாசாமியின் படத்தில் இரண்டு மாலை தொங்கியது. புதுசு போட்டார்கள். அடுத்த நாளும் அதே கதை. அப்படிக் கழற்றப்பட்ட ஒன்றைத்தான் லோஷினி பையில் கொண்டு வந்திருந்தாள். நேற்று லோஷினியே கம்பி வைத்து மாலையை ஆணியோடு இறுக்கிக் கட்டினாள். இன்று காலை படத்தையே காணவில்லை. அவிழ்த்த மாலை ஐயாசாமி கழுத்தில் கிடந்தது.

"யாரோ இத வீடியோ எடுத்துப் போட்டு, ஊரே ஆவி ஆவின்னு பேசுது. படம் குடுத்தவங்க ஒவ்வொருத்தரா வந்து திருப்பிக் கேக்குறாங்க. கமலநாதன் சார் நிகழ்ச்சிய நிறுத்தச் சொல்லிட்டாரு. பேச்சியம்மாள் அவரு அம்மா. இந்தியாவுல தவறிட்டாங்களாம். மில்லு அவங்க பேர்லதான் இருக்கு. அங்கேருந்து பேப்பர் வரலன்னு லாயர் வேற இழுத்தடிக்கிறாரு." அவள் வாடிய மாலையைப் பைக்குள் திருப்பி வைத்தாள். "நிறுத்திட்டா கையெழுத்தும் இல்ல, மில்லும் இல்ல."

"காவல்காரந்தான்" என்றார் மதிவாணன்.

"அப்படி ஒருத்தர் இருக்கிறதாவே இவங்க இன்னும் சொல்லலியே அண்ணே" என்றார் பியாட்ரிஸ். "வண்டிய எடுங்க."

*

மில்லுக்குள் காலை வைத்ததுமே மதிவாணன் தும்மினார். மெஷின் நின்று எத்தனையோ காலமாகியும் சுவரிலிருந்து மிளகாய் நெடி போகவில்லை. ஓட்டை விழுந்த கூரை வழியாக வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. பெல்ட் கழன்ற அரவை இயந்திரங்கள் வரிசையாக நின்றன. எதிர்ச் சுவரில் படங்கள். நடுவில் இரண்டு மாலையோடு ஐயாசாமி. அவர் பக்கத்தில் வெறும் ஆணி. அங்கங்கே இன்னும் சில வெறும் ஆணிகளும் தெரிந்தன. குடும்பங்கள் வந்து எடுத்துப் போனவை அவை.

சுவரின் அடியில், பாய் விரித்தது போல, மஞ்சள்தூள் பரப்பியிருந்தது. டாரிலின் கைவண்ணம். படத்தைத் தொட வேண்டுமானால் அதை மிதித்துத்தான் போக வேண்டும். தினமும் மாலை போட்டு முடித்தபின் டாரில் அதைத் துடைப்பத்தால் சமப்படுத்திவிடுவானாம். இன்று யாரும் அதை இன்னும் தொடவில்லை.

பியாட்ரிஸ் குந்தி உட்கார்ந்து பார்த்தார். மஞ்சளில் வெறுங்கால் தடம் தெளிவாகப் பதிந்திருந்தது. குதிகாலும் விரல்களும் தனித்தனியாகத் தெரிந்தன. ஆம்பளைக் கால். படம் வரைக்கும் போய், அங்கிருந்து திரும்பி, சிமெண்டுத் தரையில் மங்கிக்கொண்டே பின்பக்கம் போனது.

"பேய்க்குத்தான் கால் கெடையாதே" என்று மதிவாணன் பெருமூச்சு விட்டார். அதுவரை அவர் உள்ளூரப் பயந்துகொண்டுதான் இருந்தார் என்பது அந்தப் பெருமூச்சிலேயே தெரிந்துபோயிற்று.

காவல்காரர் அர்ச்சுனனுக்கு அந்த ஆறுதலும் இல்லை. கனத்த பூட்ஸும் சட்டைப் பையில் எலுமிச்சம்பழமுமாக வந்து நின்றார். "விடியுறப்ப நாந்தான் கதவத் தெறப்பேன் மேடம். பூக்காரம்மா மாலைய வச்சிட்டுப் போவாங்க. அப்புறம் நான் எதுத்தாப்புல மாமாக் கடையில போய் தேத்தண்ணி குடிப்பேன். கதவு தெறந்துதான் இருக்கும். இங்க என்ன இருக்கு திருட? ஆனா சத்தியமா சொல்றேன், நான் அந்த அம்மா படத்து மேல கைய வைக்கல. எனக்குப் புள்ள குட்டி இருக்கு."

"அந்தப் பூட்ஸ வேலையில கழட்டுவீங்களா?"

"கழட்டுனா மறுபடி மாட்டவே ஒரு மணி நேரம் ஆகும் மேடம். கால் வீங்கிக் கெடக்கு."

மதிவாணன் அர்ச்சுனனைக் கைவிட்டார். டாரில் பக்கம் திரும்பினார். டாரில் அப்போதுதான் தூங்கி எழுந்த கண்களோடு வந்திருந்தான். காலையில் லோஷினி பத்துத் தடவை அழைத்தும் எடுக்கவில்லையாம். வெயில் ஏறாமல் அவன் எழுந்ததாக யாருக்கும் நினைவில்லை. வீடியோ போட்டது மட்டும் அவன்தான். அதை ஒத்துக்கொள்ளவும் செய்தான்.

"வியூஸ் வரும்னு போட்டேன் ஆன்ட்டி. இவ்வளவு ஆகும்னு தெரியாது. ஆனா நான் ஏன் படத்த எடுக்கணும்? அத தேடிப் புடிக்கவே நாய் படாத பாடு பட்டேன். கமலநாதன் அங்கிள் அப்பா படம் மட்டும்தான் குடுத்தாரு. அம்மா படம் கேட்டா, இல்லவே இல்லன்னுட்டாரு. அப்புறம் இங்க வேல பாத்த ராசம்மா ஆன்ட்டி வீட்டுல ஒரு குரூப் போட்டோ கெடச்சிச்சு. அதிலேருந்து பெருசு பண்ணேன்."

"அத மாட்டப் போறேன்னு கமலநாதன் கிட்ட சொன்னியா?"

"சர்ப்ரைஸா இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

பியாட்ரிஸ் மங்கிப்போன மஞ்சள் தடத்தின் பின்னாலேயே நடந்தார். அது பின்கட்டில் மோட்டார் அறைக்குள் போனது. "பின்வாசல் வழியா ஓடியிருக்கான்!" என்று மதிவாணன் முந்திக்கொண்டு ஓடினார். பின்வாசலைச் செங்கல் வைத்து எப்போதோ அடைத்திருந்தார்கள். அறையில் பாழடைந்த மோட்டாரும், அதற்கு மேலே சுவரில் ஒரு சாமி மாடமும்தான் இருந்தன. மாடத்தில் பிள்ளையாரும் முருகனும் ஒட்டடைக்குள் உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் மாடத்தின் பலகையில் மட்டும் தூசி இல்லை. யாரோ கையால் துடைத்திருந்தார்கள்.

பிள்ளையார் படத்தைப் பியாட்ரிஸ் மெல்ல நகர்த்தினார். பின்னால் பேச்சியம்மாள் இருந்தாள். அகலமான நெற்றி, மூக்குத்தி, கையில் மிளகாய்ச் சுளகு, யாரையோ அதட்டப் போகிறவள் போலத் திறந்த வாய்.

மதிவாணன் கூச்சல் போடப் போனார். பியாட்ரிஸ் கையமர்த்தினார். "அண்ணே, உங்க அப்பா படம் உங்க வீட்டுல எங்க மாட்டியிருக்கு?"

"ஹால்ல மேடம். ஏன்?"

"சாமி ரூம்ல இல்லியா?"

"சேச்சே, தவறிப்போனவங்க படத்த சாமி கூட எப்படி வைக்கிறது? உங்க கோயில்ல எப்படியோ, எங்க வீட்டுல வைக்க மாட்டோம்."

"எங்க வீட்டுலயும் ஹால்லதான் இருக்கு" என்றார் பியாட்ரிஸ். படத்தை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வெளியே வந்தார்.

கமலநாதன் வாசலில் மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்றிருந்தார். ஐம்பதை நெருங்குகிறவர். சிங்கப்பூரில் ஒரு கிடங்கில் மேற்பார்வை வேலை. மனைவிக்கும் அந்தப் பக்கம்தான் வேலை. விடியுமுன் இருவரும் காஸ்வேக்குக் கிளம்பியாக வேண்டும். "ஜாம்ல நிக்கிறப்ப லோஷினி போன் பண்ணாங்க. அப்படியே திரும்பிட்டேன்" என்றார். தோளில் தொங்கிய பையிலிருந்து வேலைக்கான ஷூ எட்டிப் பார்த்தது. காலில் தோல் செருப்பு.

"நிறுத்திருங்க மேடம்" என்றார். "ஊரு சிரிக்குது. எங்கம்மா பேரு டிக்டாக்குல நாறுது."

"அம்மா எப்ப தவறினாங்க?"

"போன ஆடியில. திருச்சி பக்கம், எங்க சித்தி வீட்டுல." கடகடவென்று சொன்னார். "அங்கேயே எல்லாம் முடிச்சிட்டாங்க. நான் போக முடியல."

"ஆடியிலயா?"

"ஆமா."

பியாட்ரிஸ் அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு, "சாயங்காலம் எல்லாரும் இங்கேயே கூடுவோம். நிறுத்துறதா வேணாமான்னு அப்பப் பேசிக்கலாம்" என்றார்.

வேனில் மதிவாணனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. "சொல்லுங்க மேடம், டாரில்தானே?"

"அண்ணே, ஒருத்தர் மேல உங்களுக்கு வெறுப்பு இருக்குன்னு வைங்க. அவங்க படத்து மாலைய என்ன பண்ணுவீங்க?"

"பிச்சு எறிவேன்."

"இந்த ஆளு பிச்சு எறியல. கீழ கூடப் போடல. அவங்க புருஷன் படத்துக்குப் போட்டுட்டுப் போயிருக்காரு. செருப்பக் கழட்டிட்டு வந்திருக்காரு. படத்தைத் தூக்கிட்டுப் போயி சாமி கிட்ட விட்டிருக்காரு. இது திருட்டு மாதிரியா இருக்கு?"

மதிவாணன் வண்டியை ஓட்டிக்கொண்டே யோசித்தார். யோசித்ததில் தெப்ராவுக்குத் திரும்ப வேண்டிய சந்திப்பைத் தவறவிட்டார்.

*

மாலையில் மேகம் கட்டியிருந்தது. லோஷினி, டாரில், அர்ச்சுனன், கமலநாதன் நால்வரும் மில்லில் காத்திருந்தார்கள். பியாட்ரிஸ் நல்லெண்ணெயும் திரியும் வாங்கி வந்திருந்தார்.

"பேசுறதுக்கு முன்னாடி மோட்டார் ரூம் சாமிக்கு ஒரு விளக்கு வச்சிருவோம். எல்லாரும் செருப்பக் கழட்டிட்டு வாங்க."

சிலுவைச் சங்கிலி போட்ட பெண்மணி பிள்ளையாருக்கு விளக்கேற்றச் சொல்கிறாரே என்று அர்ச்சுனன் விழித்தார். ஆனாலும் அவர்தான் பூட்ஸோடு முதலில் மல்லுக்கட்டினார். எல்லாரும் உள்ளே போனபின் பியாட்ரிஸ் மதிவாணன் காதோடு சொன்னார்: "அண்ணே, செருப்புங்களப் பாத்துட்டு வாங்க. அடியில பாக்காதீங்க. மேல பாருங்க."

மதிவாணன் பார்த்தார். லோஷினியின் காலணி அடியில் மஞ்சள். டாரிலின் சிலிப்பர் அடியில் மஞ்சள். அர்ச்சுனனின் பூட்ஸிலும் அப்படியே. அந்தத் தூள் பறக்கும் இடத்தில் நடமாடுகிற யாருக்கும் அடியில் மஞ்சள் ஒட்டாமல் இராது. ஒரே ஒரு ஜோடியில் மட்டும் கால் வைக்கும் உள்பக்கத்தில் மஞ்சள் இருந்தது. விரல்களின் அச்சு ஒவ்வொன்றாக அந்தத் தோலில் ஏறியிருந்தது. செருப்பை வெளியே விட்டு, வெறுங்காலில் மஞ்சளை மிதித்துவிட்டு, அதே காலை மறுபடி செருப்புக்குள் நுழைத்தவனுக்குத்தான் அப்படி ஆகும். அது யாருடையது என்று கேட்க வேண்டியதில்லை. ஊரில் துப்பறிகிறவர்களுக்கெல்லாம் இந்த நேரத்தில் மகிழ்ச்சி பொங்கும் என்று மதிவாணன் நினைத்திருந்தார். அவரோ அந்தச் செருப்பைச் சத்தமில்லாமல் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு உள்ளே போனார்.

உள்ளே பியாட்ரிஸ் பிள்ளையாரை நகர்த்தி, படத்தை வெளியே எடுத்தார். லோஷினி வாயைப் பொத்திக்கொண்டாள். கமலநாதன் படத்தைப் பார்க்கவில்லை. விளக்கைப் பார்த்தார்.

"ஆவியும் இல்ல, திருடனும் இல்ல" என்று ஆரம்பித்தார் பியாட்ரிஸ். "இந்தப் படத்துக்கு மாலை போடுறது ஒருத்தருக்குப் பொறுக்கல. பக்கத்துல ஐயாசாமி ஐயாவுக்குப் போட்டது பொறுத்துச்சு. நம்ம எல்லாருக்குமே ஒரே பழக்கம்தான். தவறிப்போனவங்க படத்துக்கு மாலை போடுவோம், ஹால்ல மாட்டுவோம், சாமி கூட வைக்க மாட்டோம். இதையே திருப்பிப் பாருங்க. மாலைய எடுத்தவரு, படத்த சாமி கிட்ட வச்சவரு, அந்த அம்மா தவறிப்போனவங்க இல்லன்னு தெரிஞ்சவரா இருக்கணும்."

மழையின் முதல் துளிகள் தகரத்தில் விழுந்தன.

"அவங்க தவறிட்டாங்கன்னு சொன்னது ஒரே ஒருத்தர்தான். ஆடியில போயிட்டாங்கன்னாரு. ஆனா அதே வருஷம் தீபாவளிக்கு அவர் வீட்டு வாசல்ல வாழமரம், லைட்டு, ஊருக்கே விருந்து. லோஷினி, நீங்களே அங்க சாப்பிட்டிருக்கீங்க. பெத்த தாயி தவறிப்போன வருஷம் யாராச்சும் தீபாவளி கொண்டாடுவாங்களா? நீங்க தீபாவளியச் சொன்னீங்க, அவரு ஆடியச் சொன்னாரு. ரெண்டையும் யாரும் சேத்துப் பாக்கல. அம்மா படத்த அவரு குடுக்கல. இந்தியா பேப்பரும் வரல. வராது. காஸ்வேக்குப் போற வழியில, அர்ச்சுனன் தேத்தண்ணி குடிக்கிற நேரத்துல, தெனமும் இங்க எறங்கிட்டுப் போயிருக்காரு. செருப்பு சாட்சி சொல்லுது." குரலை உயர்த்தாமலேயே அவர் பக்கம் திரும்பினார். "அம்மா எங்க இருக்காங்க, கமலநாதன்?"

கமலநாதன் குனிந்து விளக்குத் திரியைத் தூண்டிவிட்டார்.

"சிம்பாங் ரெங்கம்" என்றார் கமலநாதன். "அங்க ஒரு முதியோர் ஹோம்ல."

மதிவாணனுக்குக் கோபம் தலைக்கேறியது. "உசுரோட இருக்கிற தாயவா..." என்று ஆரம்பித்தவர், கமலநாதன் முகத்தைப் பார்த்ததும் மிச்சத்தை விழுங்கிக்கொண்டார்.

"அவங்களுக்கு மறதி நோவு" என்றார் கமலநாதன். "நாங்க ரெண்டு பேரும் விடியுமுன்ன போயிருவோம். அவங்க எழுந்து மில்லத் தெறக்கப் போறேன்னு கெளம்பிருவாங்க. ஒரு தடவ ஹைவேயில புடிச்சோம். இன்னொரு தடவ லாரிக்காரன் பிரேக் போட்டதால தப்பிச்சாங்க. வேற வழி தெரியல. ஹோம்ல விட்டேன்னு சொன்னா சொந்தக்காரங்க காறித் துப்புவாங்கன்னு, இந்தியாவுல இருக்காங்கன்னு சொல்லி வச்சேன். அப்புறம் மில்லுக்கு அவங்க கையெழுத்து வேணும், நேர்ல பாக்கணும்னு லாயர் நின்னாரு. என்ன சொல்றதுன்னு தெரியல. வாயில வந்திருச்சு. ஆடியில போயிட்டாங்கன்னுட்டேன்."

கைகளைப் பிசைந்தார். "சொல்றப்ப கூட ஒண்ணும் தோணல மேடம். பொய்தானே, வெறும் பேச்சுதானேன்னு இருந்துச்சு. தெறப்பு விழாவுல பாக்குறேன், அம்மா கழுத்துல மாலை. அன்னிக்கு ராத்திரி கண்ண மூட முடியல. அது அவங்க ஆயுசக் கொறச்சிருமோன்னு... தெனம் கழட்டுனேன். நீங்க கம்பி போட்டுக் கட்டிட்டீங்க. மாலைய உருவுறதுக்குள்ள அர்ச்சுனன் குரல் வாசல்ல கேட்டுச்சு. அங்க தொங்க விட்டா மறுபடி கட்டுவீங்கன்னு, சாமி கிட்ட ஒப்படச்சிட்டு, அவரு நகந்ததும் ஓடிட்டேன்."

டாரில் போனை எடுத்துத் தன் வீடியோவை நீக்கினான். யாரும் அவனை நீக்கச் சொல்லவில்லை.

லோஷினி எதையோ கேட்க வாயெடுத்து, வெட்கப்பட்டு நிறுத்திக்கொண்டாள். பியாட்ரிஸே கேட்டார். "மில்லு என்ன ஆவுறது, அதானே? அவங்க பேர்ல இருக்கு. இவரு கையெழுத்து செல்லாது. போட்டிருந்தா பெரிய வம்புல மாட்டியிருப்பீங்க. அம்மாவுக்காக மகன் பொறுப்பேத்துக்கிறேன்னு கோர்ட்டுல முறையா மனு போடலாம். மனு போட்டாச்சுன்னு காட்டி இடிக்கிறத தள்ளிப்போடச் சொல்லலாம். கெடைக்கும்னு உறுதி சொல்ல மாட்டேன். ஆனா அதுக்கு ஒரே வழி, அம்மா உசுரோட இருக்காங்க, இன்ன எடத்துல இருக்காங்கன்னு இவரு நாலு பேரு முன்னாடி வாயத் தெறந்து சொல்லணும்."

"ஊரு என்ன சொல்லும்?" என்றார் கமலநாதன்.

"சொல்லத்தான் சொல்லும்."

கமலநாதன் தாயின் படத்தை வாங்கிச் சட்டையால் துடைத்தார். கண்ணாடியில் மஞ்சள் கறை இருந்தது. துடைக்கத் துடைக்க அது இன்னும் பரவியது.

*

ஞாயிற்றுக்கிழமை மதிவாணன் தன் வேனிலேயே பேச்சியம்மாளை அழைத்து வந்தார். கமலநாதன் பின்னிருக்கையில் தாயின் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். நெடுஞ்சாலை முழுக்க அவள் அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கோபமில்லை. பக்கத்தில் யாரோ ஒரு பயணி இருக்கிறான் என்பது போல ஜன்னலுக்கு வெளியே எண்ணெய்ப்பனைக் காட்டைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

மில்லில் கூட்டம் இருந்தது. கமலநாதன் முந்தின நாளே உறவினர்களிடம் சொல்லிவிட்டார். சிலர் அவரோடு பேசுவதையே நிறுத்திவிட்டார்கள். சிலர் பார்ப்பதற்கென்றே வந்திருந்தார்கள். நினைவுச் சுவரில் அவள் படத்தை லோஷினி திரும்ப மாட்டவில்லை. மாலையில்லாமல் அரவை இயந்திரத்துக்கு மேலே மாட்டியிருந்தாள். மனுவுக்கான வேலையை வக்கீல் தொடங்கியிருந்தார். இடிப்பு தள்ளிப்போகுமா என்று இன்னும் பதில் வரவில்லை. லோஷினி அதை நினைத்துத் தூங்காத கண்களோடு வாசலில் நின்றாள்.

பேச்சியம்மாள் உள்ளே வந்தாள். வந்ததும் தும்மினாள். தும்மிவிட்டு, முதல் தடவையாகச் சிரித்தாள். படங்களை அவள் ஏறிட்டுப் பார்க்கவில்லை. நேராக நடுவிலிருந்த இயந்திரத்துக்குப் போய், அதன் வாயில் கையை விட்டுத் துழாவி, விரலில் ஒட்டிய தூசியை முகர்ந்து பார்த்தாள். பிறகு முந்தானையால் அதைத் துடைக்க ஆரம்பித்தாள்.

"அம்மா" என்றார் கமலநாதன். எல்லாருக்கும் கேட்கும்படி சத்தமாகவே சொன்னார்.

அவள் திரும்பி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "யாருப்பா, மொளகா அரைக்கணுமா? கொஞ்சம் இரு. எம்மவன் சிங்கப்பூர் வேலைக்குப் போயிருக்கான். ஜாம்ல மாட்டியிருப்பான், வந்துருவான். அவன் வர்ற வரைக்கும் மில்ல சாத்தக் கூடாது."

கமலநாதன் வாய்விட்டு அழுதார். மதிவாணனும் அழுதார். பியாட்ரிஸ் ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து இயந்திரத்துக்குப் பக்கத்தில் போட்டார். பேச்சியம்மாள் அதில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் காலடியில் தரையில் அவள் மகன் உட்கார்ந்திருந்தார்.

நிகழ்ச்சி முடிந்து கூட்டம் கலைந்தது. கதவை இழுத்துச் சாத்தும் நேரம் வந்ததும் அர்ச்சுனன் சாவிக்கொத்தோடு லோஷினியைப் பார்த்தார். அவள் வேண்டாமென்று தலையாட்டினாள். அவர் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, எதிர்க்கடைக்குப் போய் எல்லாருக்கும் தேத்தண்ணி சொல்லிவிட்டு வந்தார்.